கட்டுரைக் கட்டு கைக்கு வந்தால்: எழுத்துப் பாடத்துக்கு மார்க் போடும் விதம்

கல்லூரியில் கட்டுரை எழுதும் பாடம் நடத்தத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி ஒரே கட்டுரையை இரண்டு முறை கொடுத்துவிட்டார். இணையத்தில் ஏற்றியது ஒன்று, ஏறவில்லையோ என்ற பயத்தில் அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனது இன்னொன்று. அச்சுத் தாளை வெள்ளிக்கிழமை இரவு, கட்டின் அடியில் கிடந்த கடைசித் தாளாகப் படித்து 62 போட்டேன். இணையத்தில் வந்ததைத் திங்கள் காலை, இதை ஏற்கெனவே படித்திருக்கிறோம் என்ற நினைவே இல்லாமல், முதல் தாளாகப் படித்து 74 போட்டேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, கோபமே இல்லாமல், "இதில் எது என் மார்க்?" என்று கேட்டார். 74-ஐ வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்?

இது என்னுடைய தனி லட்சணம் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால் நூறாண்டுக் கதை. 1912-இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் பள்ளி மாணவர்களின் இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். ஒரு தாளுக்கு 64-இலிருந்து 98 வரை, இன்னொன்றுக்கு 50-இலிருந்து 97 வரை மார்க் வந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அடுத்த ஆண்டு ஒரு வடிவியல் தாளை அனுப்பியபோது 28-க்கும் 95-க்கும் நடுவில் எல்லா இடத்திலும் மார்க் விழுந்தது. 1961-இல் இன்னும் விரிவாக ஒன்று நடந்தது: கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகள், படித்தவர்கள் 53 பேர், அவர்களில் ஆசிரியர்கள் மட்டுமல்ல, வழக்கறிஞர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வணிக நிர்வாகிகளும் உண்டு. 1 முதல் 9 வரை தரம் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் வாங்கின. அதாவது ஒரே கட்டுரையை ஒருவர் அடிமட்டம் என்கிறார், இன்னொருவர் உச்சம் என்கிறார், நடுவில் உள்ள எல்லாப் படியிலும் யாராவது ஒருவர் நிற்கிறார்.

இதைக் கேட்டு மார்க் என்பதே சும்மா என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. படித்தவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று பார்த்தபோது ஐந்து கூட்டம் தெரிந்தது: கருத்தைப் பார்ப்பவர்கள், அமைப்பைப் பார்ப்பவர்கள், பிழையை எண்ணுபவர்கள், சொல்லாட்சியைக் கவனிப்பவர்கள், எழுதியவரின் தனித்தன்மையில் மயங்குபவர்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அவரவர் நல்ல எழுத்து என்று நினைத்ததைத் தேடினார்கள். நாமும் ஒரே ஆளாக இருந்துகொண்டு வெள்ளி இரவு பிழையை எண்ணுகிறோம், திங்கள் காலை கருத்தைப் பார்க்கிறோம். ஆகவே முதல் வேலை, எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்து, மாணவர் எழுத உட்கார்வதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுவது.

தலைப்பிலேயே பாதி வேலை

"சமூக ஊடகங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதுக" என்று கொடுத்தால் வருகிற 40 கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. ஒருவர் வரலாறு எழுதியிருப்பார், ஒருவர் புலம்பியிருப்பார், ஒருவர் நன்மை தீமை என்று இரண்டு பட்டியல் போட்டிருப்பார். மூன்றும் தலைப்புக்குள்தான் இருக்கின்றன, எதை எப்படிக் குறை சொல்வீர்கள்? இப்படிக் கொடுத்துப் பாருங்கள்: வகுப்பறையில் கைபேசியைத் தடை செய்வது பற்றி எதிரெதிராகப் பேசும் இந்த இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் சறுக்குகிறது என்று காட்டுங்கள், பிறகு தடையைப் பற்றி முடிவெடுக்கப் போகும் குழுவுக்கு உங்கள் பரிந்துரையை 800 சொற்களில் எழுதுங்கள். யார் படிக்கப் போகிறார், கட்டுரை என்ன வேலை செய்ய வேண்டும், எதை வைத்து எழுத வேண்டும், மூன்றும் அதில் இருக்கின்றன. இனி மார்க் போடுவது என்பது அந்த வேலை நடந்ததா என்று பார்ப்பதுதான்.

அளவுகோல், அதாவது ரூப்ரிக், இரண்டு விதம். மொத்தமாகப் படித்து ஒரே எண் போடுவது ஒன்று, கூறு கூறாகப் பிரித்துப் போட்டுக் கூட்டுவது இன்னொன்று. பெரிய தேர்வுகளிலேயே இரண்டும் நடந்திருக்கின்றன. ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் கேட்டதற்குப் பதில் சொன்ன விதம், கருத்துகளைக் கோத்த விதம், சொல்வளம், இலக்கணம் என்று நான்கு கூறுகள், நான்கிற்கும் சம எடை. அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரி மட்டத்தில் எழுதும் ஏபி ஆங்கிலத் தேர்வில் பல காலம் 9 வரையான ஒற்றை எண்ணாக இருந்ததை 2019-20 கல்வியாண்டில் 6 புள்ளியாக மாற்றிக் கூறு பிரித்தார்கள்: மையக் கருத்துக்கு 1, ஆதாரத்துக்கும் அதை விளக்குவதற்கும் 4, நுட்பத்துக்கு 1. அந்த 4-ஐக் கவனியுங்கள். மேற்கோளைக் கொண்டுவந்து கொட்டினால் போதாது, அதை வைத்து என்ன சொல்கிறாய் என்று கேட்கிறார்கள்.

வகுப்புக்கு நான் கூறு பிரித்துப் போடுவதைத்தான் சொல்வேன், முக்கியமாகப் புதியவர்களுக்கு. நான் பெரும்பாலும் வைப்பது வாதத்துக்கு 35, ஆதாரத்துக்கு 25, அமைப்புக்கு 20, நடைக்கு 10, பிழையின்மைக்கு 10. இது வேதவாக்கு அல்ல. பருவத்தின் முதல் கட்டுரையில் ஆதாரம் எப்படித் தேடுவது என்று இன்னும் சொல்லித்தரவே இல்லை என்றால் அதற்கு 25 வைப்பது அநியாயம். கற்றுக்கொடுத்ததற்கு எடை, கற்றுக்கொடுக்காததற்கு எடை கிடையாது. ஆனால் பிழைக்கு 10-க்கு மேல் ஏற்றினால், வரிக்கு வரி சிவப்பு மை ஓடவிடும் சுகத்தில் நீங்களே கருத்தை மறந்துவிடுவீர்கள், மாணவரும் ஆபத்தில்லாத சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பழகிவிடுவார்.

ஒவ்வொரு கூறுக்கும் நான்கு படி போதும். ஐந்து வைத்தால் கை தானாக மூன்றுக்குப் போகும், எனக்கு எப்போதும் போயிருக்கிறது. படிகளுக்கு "மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, சுமார்" என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு நிறுத்தாதீர்கள், அது எதையும் சொல்வதில்லை. தாளில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். ஆதாரம் என்ற கூறுக்கு என் தாளில் இப்படி இருக்கும்: மேல்படி, ஒவ்வொரு முக்கியக் கூற்றுக்கும் ஆதாரம் இருக்கிறது, அது கூற்றை எப்படித் தாங்குகிறது என்று எழுதியவரே சொல்கிறார், எதிராக வரக்கூடிய ஆதாரத்தையும் மறைக்கவில்லை. அடுத்தது, ஆதாரம் இருக்கிறது, விளக்கம் சில இடங்களில் விடுபட்டிருக்கிறது. அதற்கும் கீழே, மேற்கோள்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்கு நடுவில் எழுதியவரின் குரல் இல்லை. கடைசிப் படி, "ஆய்வுகள் கூறுகின்றன" என்பதோடு முடிகிறது. இந்தத் தாளைத் தலைப்போடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், முந்தைய ஆண்டுக் கட்டுரை ஒன்றை எழுதியவரின் அனுமதியோடு, பெயரை நீக்கி வகுப்பில் காட்டி, மாணவர்களையே மார்க் போடச் சொல்லுங்கள். நம்மை விடக் கறாராகப் போடுவார்கள், ஒவ்வொரு முறையும்.

கூட்டிப் பார்த்தால் வரும் எண்ணும் படித்து முடித்தபோது மனதில் பட்டதும் ஒத்துப்போகாத தாள் ஒன்றிரண்டு கட்டாயம் வரும். எல்லாக் கூறிலும் ஒழுங்காக இருந்து 78 வாங்கும், ஆனால் உயிரே இருக்காது. இன்னொன்று தாறுமாறாக இருக்கும், 61 வரும், ஆனால் அந்த வகுப்பில் உண்மையாக யோசித்த ஒரே தாள் அதுதான். கை அரிக்கும். எண்ணைத் திருத்தாதீர்கள். அளவுகோலில் எதையோ விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த கட்டுரைக்கு மாற்றுங்கள், இந்தத் தாளுக்கு என்ன தோன்றியதோ அதைக் கருத்தாக எழுதிவிடுங்கள்.

பேனாவை எடுக்காமல் முதல் சுற்று

கட்டு வந்ததும் பெயர் தெரியாமல் செய்துகொள்ளுங்கள். அச்சுத் தாள் என்றால் முதல் பக்கத்தை மடித்துவிடுவது, இணையம் என்றால் பெயரை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொள்வது. 1920-இலேயே உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் காட்டிய விஷயம் இது: ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைக் கண்டுவிட்டால் சம்பந்தமில்லாத மற்றக் குணங்களுக்கும் உயர்வாகவே மதிப்பிடுகிறோம். வகுப்பில் நன்றாகப் பேசும் பையனின் மொட்டையான பத்தி நமக்குச் சுருக்கமாகத் தெரியும், கடைசி வரிசையில் தூங்குபவனின் அதே பத்தி சோம்பேறித்தனமாகத் தெரியும். கையெழுத்து இன்னொரு மாயம். அழகான கையெழுத்துக்கு நான் எவ்வளவு மார்க்கை வாரிக் கொடுத்திருப்பேனோ, கணக்கே கிடையாது.

பிறகு ஐந்து தாளை எடுத்து மார்க் போடாமல் படியுங்கள். வகுப்பின் மட்டம் எங்கே இருக்கிறது என்று பிடிபடும். இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒரே பாடத்தின் பல பிரிவுகளை எடுப்பதாக இருந்தால் அதே ஐந்தின் நகலை எல்லோரும் தனித்தனியாகத் திருத்தி, ஒன்றாக உட்கார்ந்து எண்களை மேசையில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் சங்கடமாகத்தான் இருக்கும். நீங்கள் 80 போட்டதற்குப் பக்கத்து இருக்கைக்காரர் 55 போட்டிருப்பார், ஏன் என்று சொல்லும்போதுதான் "அமைப்பு" என்ற ஒரே சொல்லுக்கு இருவரும் வேறு வேறு பொருள் வைத்திருப்பது தெரியவரும். பெரிய தேர்வு வாரியங்கள் இதைத்தான் பணம் செலவழித்துச் செய்கின்றன: முதலில் மாதிரித் தாள்களில் எல்லோர் கையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது, ஒரு தாளை இருவர் படிப்பது, ரொம்ப விலகினால் மூன்றாமவரைக் கூப்பிடுவது.

இப்போது ஒவ்வொரு தாளாக, பேனா இல்லாமல் முதல் வாசிப்பு. சொல்வது சுலபம், செய்வது கஷ்டம், ஒற்றுப்பிழை கண்ணில் பட்டதும் விரல் துடிக்கும். கடைசி வரை படித்துவிட்டு, "இந்தக் கட்டுரை சொல்வது என்னவென்றால்" என்று தொடங்கி ஒரே வாக்கியம் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் வாதம் இருக்கிறது. முடியாவிட்டால் அதுதான் நீங்கள் மாணவருக்குச் சொல்ல வேண்டிய முதல் சேதி, மற்றதெல்லாம் அப்புறம்.

உதாரணத்துக்கு நானே புனைந்த ஒரு பத்தி, ஆனால் இதன் உறவினர்களை நீங்கள் நூறு தடவை சந்திப்பீர்கள்:

"இன்றைய நவீன உலகில் கைபேசி மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகத் திகழ்கிறது. மாணவர்கள் பலர் வகுப்பில் கைபேசியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வுகள் கூறுகின்றன. எனவே தடை மிகவும் அவசியம் ஆகும். ஆனாலும் பலகையில் எழுதியதைப் படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் மெதுவாக எழுதுபவர்களுக்குக் கஷ்டம்."

இதன் ஓரத்தில் "தெளிவில்லை", "விரிவாக்குக", "எந்த ஆய்வு?", "நடை செயற்கை" என்று நான்கு குறிப்பு எழுதலாம், நான்கும் உண்மை, நான்கையும் படித்து மாணவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் எழுதுவது இப்படி இருக்கும்: "உங்கள் நான்காவது வாக்கியத்தில் மட்டும்தான் ஓர் ஆள் தெரிகிறார், மெதுவாக எழுதும் மாணவர். தடை வந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள். கட்டுரையை அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள், முதல் வாக்கியம் தேவையே இல்லை என்று தெரியும். இரண்டாவது வாக்கியத்துக்குக் கொடுத்திருந்த இரண்டு கட்டுரைகளில் எது ஆதாரம், எந்தப் பத்தி?" கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதை வைத்துக்கொண்டு அவர் இன்று மாலையே ஏதாவது செய்ய முடியும்.

ஒரு தாளுக்கு இப்படி இரண்டு, அதிகம் போனால் மூன்று. நன்றாக இருக்கும் ஓர் இடத்தையும் சுட்டுங்கள், வெறும் "அருமை" வேண்டாம், ஏன் வேலை செய்கிறது என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அதை அவரால் திரும்பச் செய்ய முடியாது.

பிழைகளுக்கு, அமெரிக்காவில் கல்லூரியில் எழுத்துப் பாடம் நடத்திய ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983-இல் சொன்ன வழியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிழையைத் திருத்தவும் கூடாது, என்ன பிழை என்று எழுதவும் கூடாது, பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு டிக் மட்டும். ஒரு வரியில் இரண்டு பிழை என்றால் இரண்டு டிக். தாளைத் திருப்பிக் கொடுத்து நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவது. அவருடைய மாணவர்கள் ஏறக்குறைய 60 சதவீதப் பிழைகளைத் தாங்களாகவே சரி செய்தார்கள், அதாவது பாதிக்கும் மேல் தெரியாமல் செய்த பிழை அல்ல, கவனிக்காமல் விட்டது. மிச்சம் இருப்பதுதான் உண்மையில் சொல்லித்தர வேண்டியது. நமக்கு மிச்சமாகும் நேரம் தனி.

நேரம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு தாளுக்கு 15 நிமிடம், 40 தாள், 10 மணி நேரம். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் என் 62-உம் 74-உம்தான் வரும். ஒரு தடவைக்கு எட்டு தாள், பிறகு எழுந்து போய்விடுங்கள். கட்டு முழுவதும் முடிந்ததும் முதலில் திருத்திய ஐந்தையும் மறுபடி பாருங்கள், ஏனென்றால் அப்போது இன்னும் மட்டம் பிடிபட்டிருக்காது. அடுத்த கட்டுரைக்கு வரிசையைக் கலைத்துப் போடுங்கள், அகர வரிசையில் கடைசியில் வருபவர் எப்போதும் நம் அலுப்பில் மாட்டுவது நியாயமில்லை.

எண்ணும் கருத்தும் ஒரே நாளில் வேண்டாம்

1988-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் ரூத் பட்லர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒன்றுக்குக் கருத்து மட்டும், ஒன்றுக்கு இரண்டும். கருத்து மட்டும் கிடைத்தவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் கிடைத்தவர்கள் அப்படி முன்னேறவில்லை, மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவே இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்தான், ஆனால் கல்லூரியில் தாளை வாங்கியதும் எல்லாக் கண்ணும் எங்கே போகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆகவே முதல் வரைவுக்கு நான் எண் போடுவதே இல்லை, கருத்து மட்டும். இரண்டாம் வரைவுக்குத்தான் மார்க். சில இடங்களில் பருவம் முழுவதும் எழுதியதிலிருந்து மாணவரே மூன்று நான்கைத் தேர்ந்து, திருத்தி, தொகுப்பாகக் கொடுப்பார், மொத்தத்துக்கும் சேர்த்து மார்க். இன்னும் சிலர் பருவத் தொடக்கத்திலேயே ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள்: இத்தனை வரைவு, இத்தனை முறை திருத்தம், எல்லாம் நேரத்துக்குச் செய்தால் "பி" கிரேடு உறுதி, அதற்கு மேலே வேண்டுமானால் எழுத்தின் தரம் பார்க்கப்படும். எனக்கு ஒப்பந்த முறையில் முழு நம்பிக்கை இல்லை, ஆனால் எழுதவே பயப்படும் வகுப்பில் அது பயத்தைத் தளர்த்துவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

தாமதம், வருகை, உழைப்பு இவற்றைக் கட்டுரை மார்க்கோடு கலக்காதீர்கள். இரண்டு நாள் தாமதமாக வந்ததற்கு 10 குறைக்க வேண்டும் என்றால் 72, தாமதத்துக்குக் கழிவு 10, மொத்தம் 62 என்று தனித்தனியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் 62-க்கு எழுதுகிறவன் நான் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

அடுத்தது காப்பியடிக்கும் விஷயம். முன்பெல்லாம் நடை திடீரென்று மாறும் பத்தியைத் தேடினால் போதும், இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததா என்று கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்கிறார்கள். அந்தக் கருவியின் சதவீதத்தை மட்டும் வைத்து யாருக்கும் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தன்னுடைய கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளுக்குக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை இயந்திரம் எழுதியது என்றன அந்தக் கருவிகள். எளிய சொல்லில் எழுதியதுதான் அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம். சந்தேகம் வந்தால் வரைவுகளைக் கேளுங்கள், ஐந்து நிமிடம் உட்காரவைத்து இந்த உதாரணத்தை ஏன் எடுத்தீர்கள், எதை வெட்டினீர்கள் என்று பேசுங்கள். எழுதியவருக்கு அது சுலபம்.

"ஏன் எனக்கு 58?" என்று வருபவரிடம் அன்றே வாதாடாதீர்கள். ஒரு நாள் கழித்து, அளவுகோலில் எந்தக் கூறு, எந்தப் பத்தி என்று நான்கு வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுத உட்கார்ந்ததும் தாங்களே விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள், மீதிப் பேரில் சிலர் சரியாகவே சொல்வார்கள், அப்போது முகம் சுளிக்காமல் ஏற்றுங்கள். கூட்டல் பிழை என்றால் நின்ற இடத்திலேயே திருத்தம். மறுபடி படித்துவிட்டு மார்க்கைக் குறைக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் அதற்கப்புறம் அந்த அறைக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். 60 எல்லைக்கோடு என்றால் 59-இல் நிற்கும் தாள்களைப் பெயர் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து இன்னொரு முறை படித்துவிடுங்கள், வந்து கேட்டவருக்கு மட்டும் கருணை மதிப்பெண் என்பது கேட்கத் தயங்கியவருக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாகத் தாளைத் திருப்பிக் கொடுப்பது. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கொடுத்தால் கருத்தெல்லாம் பைக்குள் போய்விடும். வகுப்பின் தொடக்கத்தில் கொடுத்து, பத்து நிமிடம் படிக்கவிட்டு, ஒரு சிறு தாளில் அடுத்த கட்டுரையில் எந்த ஒன்றை மாற்றப் போகிறேன் என்று எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த கட்டைத் திருத்தி எண்ணெல்லாம் போட்டு முடித்துப் பெயரைத் திறந்தபின், அந்தந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள். உங்கள் கருத்தில் எழுதும் முதல் வரி அந்தச் சீட்டைப் பற்றியதாக இருக்கட்டும்.